எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் என்ன? கண் மஞ்சளாகாத மஞ்சள் காமாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

கேள்வி இது: புது வேலைக்கான உடல் பரிசோதனையில் ஒருவருக்கு ‘எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது, அதாவது ஹெபடைடிஸ்-பி வைரஸைத் தேடும் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ். வயது முப்பத்து நான்கு. கண் மஞ்சளாக இல்லை, நன்றாகப் பசிக்கிறது, சிறுநீரின் நிறமும் மாறவில்லை. பத்து வயதில் ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து சரியாகியிருக்கிறது. அதுவே திரும்ப வந்துவிட்டதா, மனைவிக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் ஒட்டியிருக்குமா, எதையெல்லாம் சாப்பிடக் கூடாது, எத்தனை நாளில் குணமாகும் என்று கேட்கிறார்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன், அதில் பாதிக் காலம் ரத்த வங்கியில். உங்களுக்கு மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது என் வேலை இல்லை, ஆனால் கையில் இருக்கும் அந்தத் தாள் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, மருத்துவரிடம் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயரே கிடையாது. காய்ச்சல், இருமல் மாதிரி அது ஓர் அடையாளம். நம் ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து உடைகின்றன, உடைந்த மிச்சத்திலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது, அதைப் பிடித்துப் பக்குவம் செய்து பித்தநீரோடு குடலுக்குத் தள்ளிவிடுவது கல்லீரலின் அன்றாட வேலை. இந்த வழியில் எங்கே அடைப்பு விழுந்தாலும் மஞ்சள் தேங்கும். பித்தக்குழாயில் கல் சிக்கினாலும் கண் மஞ்சளாகும், சிவப்பணுக்கள் தாறுமாறாக உடைந்தாலும் ஆகும், மதுவாலும் சில மருந்துகளாலும் ஆகும், பிறந்த குழந்தைகள் பலருக்கு முதல் வாரத்தில் எந்த வைரஸும் இல்லாமலே ஆகும். இன்னொன்று, பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவை நெருங்கினால்தான் பொதுவாகக் கண்ணில் தெரியும். அதற்குக் கீழே எவ்வளவு நடந்தாலும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ‘கண் மஞ்சளாக இல்லையே, அப்புறம் எப்படி?’ என்ற கேள்வியை இத்தனை வருஷத்தில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

சரி, வைரஸ்களுக்கு வருவோம். ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, அவ்வளவுதான். அதை உண்டாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஐந்து: ஏ, பி, சி, டி, இ. எழுத்து வரிசையைப் பார்த்து அண்ணன் தம்பிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தும் வெவ்வேறு வைரஸ் குடும்பங்கள், குடியிருக்கும் வீடு மட்டும்தான் ஒன்று. ஒன்று வந்து போனதால் கிடைக்கும் எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. பத்து வயதில் உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஏ-யாக இருந்திருக்கும், இப்போது தாளில் இருப்பது பி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏ-யும் இ-யும் வாய் வழியாக வருபவை. நோயாளியின் மலத்தில் வெளியேறும் வைரஸ் தண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலந்து இன்னொருவர் வயிற்றுக்குள் போகிறது. இவை இரண்டும் ஆர்ப்பாட்டம் பண்ணும் ஜாதி. காய்ச்சல், குமட்டல், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, கறுத்த சிறுநீர், மஞ்சள் கண் என்று ஊரைக் கூட்டிவிட்டு, பெரும்பாலானவர்களை விட்டுச் சில வாரங்களில் போய்விடும். பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாக வருபவை, இவை சத்தம் போடாது. முப்பது வருஷம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு ஒருநாள் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ முகம் காட்டும். 2022ஆம் ஆண்டில் வைரஸ் ஹெபடைடிஸால் இறந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதில் மிகப் பெரும்பகுதி இந்தச் சத்தம் போடாத இரண்டும்தான். மக்கள் பயப்படுவதோ முதல் இரண்டுக்கு. மஞ்சள் கண்ணைக் கண்டால் அலறியடித்து ஓடுவோம், ‘பாசிட்டிவ்’ என்ற தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுவோம்.

ஏ-யைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உள்ளே போன நாளிலிருந்து அறிகுறி தெரிய 15 முதல் 50 நாள் ஆகும், சராசரி நாலு வாரம். ஆகவே நேற்று வெளியே சாப்பிட்டதால் இன்று காமாலை வந்தது என்ற கணக்கு சரிவராது, ஒரு மாதம் பின்னால் போய்த் தேட வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது, பெரியவர்களைத்தான் போட்டு வாட்டும். நோயாளி மற்றவர்களுக்கு அதிகமாகப் பரப்புவது கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். காமாலை என்று தெரிந்து தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கும்போது பரவுகிற கட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். அந்த ஒதுக்கலால் நோயாளிக்கு மனவேதனைதான் மிச்சம். வைரஸ் நல்ல முரட்டு ஆசாமி, சும்மா சூடு காட்டினால் சாகாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், சாப்பாடு உள்வரை 85 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷமாவது வேக வேண்டும். சரியாக வேகாத சிப்பிகளைச் சாப்பிட்டதால் 1988இல் ஷாங்காயில் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு வந்த கதை இந்த வைரஸோடதுதான். ஆல்கஹால் கலந்த கைசுத்திகரிப்புத் திரவம் இதன்மேல் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் பலன் தரும். நல்ல தடுப்பூசி இருக்கிறது, வழக்கமாக 2 ஊசி, குறைந்தது 6 மாத இடைவெளியில். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்கூட, தொட்டுப் பழகிய இரண்டு வாரத்துக்குள் மற்றவர்கள் போட்டுக்கொண்டால் தடுக்க வாய்ப்பு உண்டு. ஏ ஒருபோதும் நாள்பட்ட நோயாக மாறாது. சிலருக்குச் சரியானது மாதிரி இருந்து ஒருமுறை திரும்பி வந்து ஆறு மாதம்வரை இழுக்கும், அதுவும் போய்விடும்.

இ-யும் ஏறக்குறைய இதே வழி, ஆனால் ஓர் இடத்தில் கொடூரமானது. கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், நூற்றில் இருபது இருபத்தைந்து பேர்வரை இறக்க நேரிடும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்த வைரஸைக் கண்டுபிடித்த கதை ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படைவீரர்களுக்கு ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத ஒரு காமாலை பரவியபோது, மிகாயில் பலயான் என்ற விஞ்ஞானி நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடித்துவிட்டார். காமாலை வந்தது, தன் மலத்திலேயே வைரஸைக் காட்டினார், 1983இல் அது வெளியானது. இந்த மாதிரி ஆட்களை என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தூய்மையில்லாத தண்ணீர் போக, சரியாக வேகாத பன்றி இறைச்சியாலும் இ-யின் சில வகைகள் பரவும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களைப் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் மட்டும் நாள்பட்டு நிற்கக்கூடும்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம்.

எச்பிஎஸ்ஏஜி என்பது பி வைரஸின் வெளிச்சட்டைப் புரதம். ரத்தத்தில் அது இருக்கிறது என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். 1960களில் பரூக் பிளம்பர்க் என்பவர் மனிதர்களின் ரத்தப் புரதங்களில் பரம்பரை வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் தற்செயலாகத் தட்டுப்பட்டது இது. அதனால்தான் பழைய ஆட்கள் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்பார்கள், எங்கள் கூடத்திலும் ரொம்ப நாள் அந்தப் பேர்தான் ஓடியது. அவருக்கு 1976இல் நோபல் கிடைத்தது, அவர் பிறந்த ஜூலை 28தான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

ஆனால் இந்த ஒரு பரிசோதனையை வைத்து முழுக்கதையும் சொல்ல முடியாது. முதலில் அது உண்மையான பாசிட்டிவ்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டிருந்தால், ஊசியில் இருக்கும் அதே சட்டைப் புரதமே ரத்தத்தில் மாட்டிப் பாசிட்டிவ் காட்டிவிடும். இதனால் ஒரு வாரம் தூக்கமில்லாமல் தவித்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், யாரும் அவரிடம் ‘சமீபத்தில் ஊசி போட்டீர்களா?’ என்று கேட்கவில்லை. உறுதியானால் அடுத்த கேள்வி, இது புதிதாக வந்ததா பழசா. ஆன்டி-எச்பிசி ஐஜிஎம் என்ற பரிசோதனை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் சமீபத்தில் தொற்றியது. அது இல்லாமல் எச்பிஎஸ்ஏஜி ஆறு மாதத்துக்கு மேலும் நிற்கிறது என்றால் நாள்பட்டது. முப்பத்து நாலு வயதில், எந்த அறிகுறியும் இல்லாமல், தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால் உங்களுடையது நாள்பட்டதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் ஆறு மாதக் கணக்கைப் பார்க்காமல் முத்திரை குத்த வேண்டாம்.

மற்ற எழுத்துகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் இங்கேதான் வருகிறது. ஆன்டி-எச்பிஎஸ் என்பது நம் உடம்பு செய்யும் கவசம், அது பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி. எச்பிஎஸ்ஏஜி-க்கும் இதற்கும் பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், அர்த்தமோ நேர் எதிர். தடுப்பூசி பலித்து வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நோய் வந்ததாக அழுதவர்களும் உண்டு, நோயைக் கவசம் என்று நினைத்து நிம்மதியாகப் போனவர்களும் உண்டு. ஆன்டி-எச்பிசி என்பது வைரஸ் எப்போதாவது உள்ளே வந்ததன் தடம், தடுப்பூசியால் அது வராது. ஆகவே ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ் என்றால் ஊசியால் வந்த பாதுகாப்பு, கூடவே ஆன்டி-எச்பிசியும் பாசிட்டிவ் என்றால் முன்பு நோய் வந்து உடம்பே அடக்கி வைத்திருக்கிறது.

உங்களுக்கு அடுத்துத் தேவைப்படுபவை: வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்பிஇஏஜி, வைரஸின் அளவைச் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனை, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி (பழைய தாள்களில் எஸ்ஜிபிடி என்று இருக்கும்), பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், வசதியிருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். சி-க்கும் டி-க்கும் எச்ஐவிக்கும் சேர்த்தே பார்ப்பார்கள், வழி ஒன்று என்பதால். டிஎன்ஏ எண்ணிக்கை லட்சத்திலும் கோடியிலும் வந்தால் பயந்துவிடாதீர்கள், பெரிய எண் என்றால் கல்லீரல் போய்விட்டது என்று பொருளல்ல. வைரஸ் நேரடியாகக் கல்லீரலைத் தின்பதில்லை, அதை விரட்டப் போகும் நம் எதிர்ப்புச் சக்திதான் வைரஸ் புகுந்த செல்களை அடித்து நொறுக்குகிறது. அதனால்தான் கோடிக்கணக்கில் வைரஸை வைத்துக்கொண்டு ஏஎல்டி சாதாரணமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள், சில ஆயிரத்திலேயே கல்லீரல் தழும்பேறிப் போனவர்களும் இருக்கிறார்கள். எந்த ஒற்றை எண்ணும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. அதேபோல ஒருமுறை எல்லாம் நன்றாக இருப்பதும் கடைசி வார்த்தை கிடையாது, வருஷங்கள் கழித்து நிலை மாறும்.

எப்படி வந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பீர்கள், கூடவே வீட்டில் சந்தேகப் பார்வையும் வந்திருக்கலாம். இதை நிதானமாகப் படியுங்கள். பி நாள்பட்டதாக மாறுவது தொற்றிய வயதைப் பொறுத்தது. பிறக்கும்போதோ முதல் வருஷத்திலோ தொற்றினால் நூற்றுக்கு 90 பேருக்கு அது வாழ்நாள் முழுக்க நிலைத்துவிடும், ஐந்து வயதுக்குள் என்றால் ஏறக்குறைய 30 பேருக்கு, பெரியவரான பிறகு தொற்றினால் 5 பேருக்கும் குறைவாகத்தான். பச்சைக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி வைரஸை அந்நியன் என்று அடையாளம் காணாமல் வீட்டு ஆள் என்று விட்டுவிடுகிறது. ஆக, முப்பது வயதுக்கு மேல் நாள்பட்ட பி இருப்பது தெரிய வந்தால் அது பெரும்பாலும் தொட்டில் காலத்தில் வந்தது. போன வருஷம் எங்கே போனார், யாரோடு இருந்தார் என்ற விசாரணை எல்லாம் வீண்.

மனைவிக்கும் பிள்ளைக்கும் ஒட்டுமா? ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, முத்தம், இருமல், ஒரே கழிப்பறை, ஒரே படுக்கை, இவற்றால் பரவாது. ரத்தம், பாதுகாப்பில்லாத உடலுறவு, பிரசவம், இந்த மூன்றும்தான் முக்கிய வழி. காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் 7 நாளாவது உயிரோடு இருக்கும், ஆகவே சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவை உங்களுக்குத் தனி. ரத்தம் சிந்திய இடத்தை வெறும் துணியால் துடைக்காமல் பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடையுங்கள். எவ்வளவு எளிதாகத் தொற்றும் என்பதற்கு எங்கள் வேலையில் ஒரு கணக்கு சொல்வோம்: நோயாளியைக் குத்திய ஊசி நம் கையில் குத்திவிட்டால், தடுப்பூசி போடாதவருக்குப் பி தொற்ற நூற்றில் 30 வரை வாய்ப்பு, சி என்றால் அதிகபட்சம் 3, எச்ஐவி 0.3. எச்ஐவி என்றால் நடுங்குகிறவர்கள் பி-க்கு ஊசியே போடாமல் திரிவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

மனைவிக்கு எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ், ஆன்டி-எச்பிசி மூன்றையும் பாருங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் உடனே தடுப்பூசி தொடங்க வேண்டும், வழக்கமான முறை இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் அளவைப் பாருங்கள், 10-க்கு மேல் இருந்தால் ஊசி பலித்துவிட்டது. அதுவரை ஆணுறை. பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள், மூன்று ஊசியும் போட்டிருந்தாலும் உங்கள் வீட்டில் ஒருவருக்கு இருப்பதால் எச்பிஎஸ்ஏஜி-யும் ஆன்டி-எச்பிஎஸ்-ஸும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மனைவிக்கும் இருப்பது தெரிந்து, இனி இன்னொரு குழந்தை வேண்டும் என்றால் பயமே வேண்டாம், ஆனால் கர்ப்பத்தின்போதே மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும் தாய்க்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள், குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, முடிந்தால் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலைக் கவசமும் சேர்த்து, அப்புறம் மிச்ச ஊசிகள் தவறாமல். இத்தனையும் நேரத்துக்கு நடந்தால் தொற்றுவது மிக அபூர்வம். தாய்ப்பாலும் கொடுக்கலாம். அந்த முதல் 24 மணி நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ‘நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்’ என்று எந்த நர்ஸ் சொன்னாலும் விடாதீர்கள். தைவான் 1984இல் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தேசிய அளவில் போடத் தொடங்கியது, பின்னால் அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுத்துக் காட்டிய முதல் தடுப்பூசி இதுதான்.

எத்தனை நாளில் குணமாகும் என்று கேட்டீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். நாள்பட்ட பி-யை முழுதாகத் துடைத்தெறியும் மருந்து இன்றைக்கு இல்லை, ஏனென்றால் அந்த வைரஸ் தன் மரபுப் பொருளின் ஒரு வட்டப் பிரதியைக் கல்லீரல் செல்லின் கருவுக்குள்ளேயே பதுக்கி வைத்துவிடும். ஆனால் அதை அடக்கி வைக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினம் ஒன்று. கல்லீரல் சுருங்குவது நிற்கும், ஓரளவு தழும்பு கரையவும் செய்யும், புற்றுநோய் வாய்ப்பும் குறையும். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. கல்லீரலில் தழும்பு இருக்கிறதா, டிஎன்ஏ எவ்வளவு, ஏஎல்டி ஏறியிருக்கிறதா, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் உண்டா என்றெல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் ‘ஒன்றுமில்லை, போ’ என்று அர்த்தமில்லை, ‘ஆறு மாதம் கழித்து வா’ என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலர் தொலைந்துபோகிறார்கள். ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரத்த தானம் செய்ய வந்த இடத்தில் பாசிட்டிவ் என்று தெரிந்தது, பரிசோதித்த இடத்தில் ரத்தத்தைக் கழித்துவிட்டுப் பதிவேட்டில் எழுதி மூடிவிட்டார்கள், அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. எட்டு வருஷம் கழித்து வயிறு வீங்கி வந்தார். எட்டு வருஷமும் தினம் ஒரு மாத்திரையில் கடந்திருக்க வேண்டியவர்.

மாத்திரை தொடங்கினால் நீங்களாக நிறுத்தக் கூடாது. அடங்கியிருந்த வைரஸ் திடீரென்று எழும்பிக் கல்லீரலே செயலிழக்கும் அளவுக்குப் போனவர்கள் உண்டு. இன்னொரு பொறியும் இருக்கிறது: பிற்காலத்தில் வேறு ஏதாவது நோய்க்குக் கீமோதெரபியோ, ரிடுக்ஸிமாப் மாதிரி மருந்தோ, அதிக அளவு ஸ்டீராய்டோ கொடுக்க நேர்ந்தால், முன்கூட்டியே ‘எனக்குப் பி இருக்கிறது’ என்று சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியை அமுக்கினால் வைரஸ் எழும்பும், முன்பாகவே மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியும். சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்கம் வராமலேயே நேராகப் புற்றுநோய்க்குப் போகும் கெட்ட வழக்கமும் பி-க்கு உண்டு, அதனால்தான் சிரோசிஸ் இருப்பவர்களையும், வயதாலோ குடும்ப வரலாற்றாலோ ஆபத்து கூடுதலாக இருப்பவர்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

டி என்பது ஒட்டுண்ணி மேல் ஒட்டுண்ணி. பி-யின் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டால்தான் அதனால் வெளியே கிளம்ப முடியும், ஆகவே பி இல்லாதவருக்கு டி வராது. வந்தால் கல்லீரல் வேகமாகக் கெடும். பி தடுப்பூசி போட்டவர் டி-யிலிருந்தும் தப்பிக்கிறார். நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

சி-யைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் இந்தத் துறையில் நான் கண்ணால் பார்த்த அதிசயம் அதுதான். 1989இல்தான் வைரஸே அடையாளம் காணப்பட்டது, அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பலருக்கு அது தெரியாமலே போயிற்று. சுத்தம் செய்யாத ஊசிகள், பச்சை குத்தும் ஊசிகள், போதை ஊசியைப் பகிர்வது, இவைதான் வழி. எகிப்தில் 1950களிலிருந்து நத்தைக் காய்ச்சல் என்ற ஒட்டுண்ணி நோய்க்காக ஊர் ஊராக ஊசி போட்டபோது, ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் லட்சக்கணக்கானவர்களுக்கு சி பரவியது. நல்லது செய்யப் போய் நடந்தது. என் ஆரம்ப காலத்தில் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசிதான், ஆறு மாதம் ஒரு வருஷம் என்று குத்துவார்கள், காய்ச்சலும் மன அழுத்தமுமாக நோயாளிகள் உருகிப்போவார்கள், குணமாவது பாதிக்குப் பாதி. 2013இல் சோஃபோஸ்புவிர் வந்தது, கதையே மாறியது. இப்போது 8 அல்லது 12 வாரம் மாத்திரை, நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுக் குணம். அடக்கி வைப்பது இல்லை, வைரஸே போய்விடும். எகிப்து 2018இல் தொடங்கிய பரிசோதனை இயக்கத்தில் கோடிக்கணக்கானவர்களைப் பரிசோதித்து மருந்தும் கொடுத்தது.

சி ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆன்டி-எச்சிவி பாசிட்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ வந்தது என்றுதான் அர்த்தம், இப்போது இருக்கிறதா என்பதை ஆர்என்ஏ பரிசோதனை சொல்லும். குணமானவருக்கும் ஆன்டி-எச்சிவி வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கலாம், அந்தத் தாளைக் காட்டி ‘இன்னும் நோய் இருக்கிறது’ என்று ஒருவரைக் குற்றவாளி மாதிரி நிற்க வைப்பது அநியாயம். சி-க்குத் தடுப்பூசி கிடையாது, குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம். மாத்திரை தொடங்கும் முன் பி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், சி போனதும் பி எழும்பக்கூடும். வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை, இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்கள் அதை முன்னமே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், சொல்வதற்கு மிகக் குறைவாக இருப்பதும் இதைப் பற்றித்தான். உங்களுக்கு எந்தப் பத்தியமும் இல்லை. உப்பை நிறுத்து, எண்ணெயைத் தொடாதே, மஞ்சள் நிறப் பொருள் எதையும் சாப்பிடாதே என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. விட வேண்டியது மது ஒன்றைத்தான், அதில் ‘கொஞ்சமாக’ என்ற பேரம் வேண்டாம். உடல் எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும், கொழுப்பு படிந்த கல்லீரலில் பி-யும் சேர்ந்தால் இரட்டை அடி. பூஞ்சை பிடித்த தானியமும் கொட்டைகளும் வேண்டாம், அந்தப் பூஞ்சையின் நஞ்சும் பி-யும் சேர்ந்தால் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடும். கல்லீரலைச் ‘சுத்தம் செய்யும்’ மூலிகைப் பொடி, பச்சிலைச் சாறு என்று யாராவது கொண்டுவந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஏ தானாகவே சரியாகும் நோய், அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும், அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் பி-க்கும் அதையே கொடுக்கிறார்கள். மூலிகை என்பதற்காகக் கல்லீரல் அதைச் சும்மா விடாது, அதையும் அதுவேதான் உடைத்தாக வேண்டும். சில பச்சிலைகளே கல்லீரலைக் கெடுத்தவர்களின் ஏஎல்டியை நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் யாருக்காவது திடீர்க் காமாலை வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன காரணம் என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டு, ஓய்வு, தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பாடு, இவைதான் வைத்தியம். பெரும்பாலும் காலையில் குமட்டல் குறைவாக இருக்கும், அப்போது வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். பாராசிட்டமால் உட்பட எந்த மாத்திரையையும் கேட்காமல் போட வேண்டாம். ஆனால் பேச்சு குழறுவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், நிற்காத வாந்தி, இதில் ஒன்று தெரிந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஏஎல்டி மூவாயிரத்திலிருந்து முந்நூறுக்கு இறங்கிவிட்டதே என்று மட்டும் பார்த்துச் சந்தோஷப்படவும் கூடாது. பிலிருபினும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பிடி-ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டிருக்க ஏஎல்டி மட்டும் விழுந்தால், அழிவதற்கு இனி செல்கள் மிச்சமில்லை என்று அர்த்தமாகலாம்.

வேலை விஷயம்: மேசை வேலையோ இயந்திர வேலையோ, பி இருப்பதால் நீங்கள் செய்யக் கூடாதது என்று மருத்துவ ரீதியாக ஒன்றுமில்லை. ரத்த தானம் மட்டும் இனி கிடையாது. பல் மருத்துவரிடமும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் சொல்லிவிடுங்கள். ஏ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், ஏற்கெனவே பி இருக்கும் கல்லீரலுக்கு ஏ-யும் வந்தால் தாங்காது. ஏ-க்கான எதிர்ப்பு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா என்று ஏ-க்கான ஐஜிஜி பரிசோதனையில் தெரிந்துவிடும், இருந்தால் அந்த ஊசியே தேவையில்லை.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. உங்களுக்குப் பிறப்பிலேயே வந்திருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் வந்திருக்கக்கூடும். உலகத்தில் நாள்பட்ட பி உள்ள ஏறக்குறைய 25 கோடிப் பேரில், 2022 கணக்குப்படி, தனக்கு இருப்பது கண்டறியப்பட்டவர்கள் நூற்றில் 13 பேர்தான். அதனால் அண்ணன், தங்கை, அம்மா எல்லோருக்கும் போன் போட்டு ஒருமுறை எச்பிஎஸ்ஏஜி பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் பேசும்போது மட்டும், உங்களிடமிருந்துதான் எனக்கு வந்தது என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் யாரிடமிருந்தோ வந்ததுதான், அவர் பிறந்தபோது இந்தத் தடுப்பூசியே உலகத்தில் கிடையாது.